ஹெல்லில் கால் வைத்ததும் சாகிறேன், லெவல் பற்றவில்லையா? (டயாப்லோ 2)

ஜனவரி 5, ஒரு வாசகரின் கேள்வி

டயாப்லோ 2 ரிசரக்டட் என்ற கணினி விளையாட்டை ஆஃப்லைனில் தனியாக ஆடுகிறேன், என் கேரக்டர் ஸோர்ஸரஸ் என்ற மந்திரக்காரி. நார்மல், நைட்மேர், ஹெல் என்ற மூன்று கடினநிலையில் முதல் இரண்டிலும் பெரிய சிரமம் இல்லை. கடைசி அரக்கன் பேலைக் கொன்றுவிட்டு ஹெல்லுக்குள் வந்தால் முதல் ஆக்ட்டிலேயே, எது அடித்தது என்று தெரிவதற்குள் பிணமாகக் கிடக்கிறேன். லெவல் 74. முழுக்க ஃப்ரோஸன் ஆர்ப். அது குளிரால் தாக்கும் மந்திரம். திரும்ப நைட்மேருக்குப் போய் 80 வரை ஏற்றிக்கொண்டு வந்தால் சரியாகிவிடும்தானே?

ஜனவரி 5, இரவு

ஆகாது. கணக்கு போட்டுப் பாருங்கள். ஆறு லெவலுக்கு 30 ஸ்டாட் பாயிண்ட். அத்தனையையும் வைட்டாலிட்டியில் போட்டாலும் ஸோர்ஸரஸுக்கு ஒரு பாயிண்ட்டுக்கு 2 உயிர்தான், அது 60. லெவலுக்கு ஒன்று என்று தானாக வருவது 6. ஆக 66 உயிர். ஹெல்லில் ஒரு மின்னல் அடிக்குப் பக்கத்தில் இந்த 66 எந்த மூலைக்கு?

ரெசிஸ்ட்டைப் பாருங்கள். கேரக்டர் திரையைத் திறந்தால், நெருப்பு, குளிர், மின்னல், விஷம் நான்கையும் எவ்வளவு தடுக்கிறீர்கள் என்பதற்கு நான்கு எண்கள் இருக்கும். நைட்மேரில் விளையாட்டு உங்களிடமிருந்து 40 கழிக்கிறது, ஹெல்லில் 100. நைட்மேரில் மின்னல் ரெசிஸ்ட் 30 என்று காட்டியிருந்தால், ஒரு பொருளையும் மாற்றாமலே ஹெல்லில் அது மைனஸ் 30 ஆகிவிடும். மைனஸ் 30 என்றால் 100 அடி 130-ஆக விழும். அதே ரெசிஸ்ட் உச்சவரம்பான 75-இல் இருந்தால் 25 விழும். ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். லெவல் ஏற்றி இதை ஈடுகட்ட முடியாது.

அப்புறம் இன்னொன்று: ஹெல்லின் முதல் புல்வெளியான பிளட் மூரே 67-ஆம் லெவல் பகுதி. அதனால் 74 குறைவே இல்லை. நீங்கள் லெவலில் சரியாகத்தான் இருக்கிறீர்கள், உடுப்பில்தான் இல்லை.

ஜனவரி 6

"175 ரெசிஸ்ட்டுக்கு எங்கே போவது" என்று கேட்டிருக்கிறீர்கள். 100 கழிந்தபின் 75 நிற்க வேண்டும் என்றால் ஆமாம், மொத்தம் 175 வேண்டும். ஆனால் ஆக்ட் 5-இல் ஆன்யா என்ற பெண்ணைப் பனிக்கட்டிக்குள்ளிருந்து மீட்கும் குவெஸ்ட்டை முடித்தால் ஒரு ஸ்க்ரோல் கிடைக்கும், அதைப் படித்தால் எல்லா ரெசிஸ்ட்டும் நிரந்தரமாக 10 ஏறும், ஒவ்வொரு கடினநிலையிலும் தனித்தனியாக. நார்மலிலும் நைட்மேரிலும் முடித்திருந்தால் உங்களுக்கு ஏற்கெனவே 20 உண்டு. "முடித்திருந்தால்" என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அந்தக் குவெஸ்ட்டைத் தாண்டிக்கொண்டே பேலிடம் போய்விடலாம், விளையாட்டு தடுக்காது. ஸ்க்ரோலை வாங்கி ஸ்டாஷ் பெட்டியில் போட்டுவிட்டுப் படிக்காமல் விட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். போய்ப் பாருங்கள், அங்கேயே தூங்கிக்கொண்டிருக்கலாம்.

மீதியில் பெரும்பங்கு கேடயத்தில் இருக்கிறது. நான் எப்போதும் சொல்வது ஏன்ஷியன்ட்ஸ் பிளெட்ஜ் என்ற ரூன்வேர்ட்: மூன்று சாக்கெட் (குழி) உள்ள சாதாரண கேடயத்தில் ரால், ஓர்ட், டால் என்ற வரிசையில் ரூன் என்ற எழுத்துக்கற்களைப் பதித்தால் நான்கு ரெசிஸ்ட்டிலும் நாற்பதுக்கு மேல் வரும். இந்த மூன்று ரூனும் ஆக்ட் 5-இல் வீரர்களை மீட்கும் குவெஸ்ட்டுக்குப் பரிசாகவே கிடைக்கிறது, தேடவே வேண்டாம். வரிசை மாறினால் ரூன்வேர்ட் ஆகாது, சும்மா மூன்று ரூன் குத்திய கேடயம் ஆகும். சாக்கெட் எண்ணிக்கையும் சரியாக மூன்றாக இருக்க வேண்டும், நான்கு சாக்கெட் கேடயத்தில் மூன்றை வைத்துவிட்டு நான்காவதைக் காலியாக விட்டால் ஒன்றும் நடக்காது. பெயர் நீல எழுத்தில் வரும் மேஜிக் பொருளிலும் ஆகாது.

இன்னும் வேண்டும் என்றால் பர்ஃபெக்ட் டயமண்ட், கேடயத்தில் பதித்தால் ஒன்றுக்கு 19, எல்லா ரெசிஸ்ட்டிலும். நான்கு சாக்கெட் என்றால் 76. ஆர்ப் போடுகிறவருக்கு இது அழகில்லை, ஸ்கில் ஏறாது, வேகம் ஏறாது, ஆனாலும் செத்துக்கிடக்கிறவருக்கு வேகம் எதற்கு?

ஜனவரி 6, சற்று கழித்து

ஸ்பிரிட் என்ற ரூன்வேர்ட் கேடயம் போடலாமா என்று கேட்கிறார் இன்னொருவர். போடலாம், 2 ஸ்கில், காஸ்ட் வேகம் (மந்திரம் வீசும் வேகம்), குளிர்-மின்னல்-விஷம் மூன்றிலும் 35 ரெசிஸ்ட். நெருப்புக்கு ஒன்றும் கிடையாது, அதை மறந்துவிட்டு நெருப்புக் கக்கும் கூட்டத்துக்குள் போகாதீர்கள். இதற்கு நான்கு சாக்கெட் உள்ள மொனார்க் என்ற கேடயம் வேண்டும், மொனார்க்கைத் தூக்க 156 ஸ்ட்ரெங்த் வேண்டும். ஸோர்ஸரஸ் வைட்டாலிட்டிக்கு வைத்திருந்த பாயிண்ட்டை எல்லாம் கேடயம் தூக்கச் செலவழிக்கிறாள். நான் ஒரு ஆட்டத்தில் செய்தேன், இன்னொன்றில் செய்யவில்லை. செய்யாததுதான் ஆடச் சுகமாக இருந்தது.

ஜனவரி 8

இரண்டு நாள் யோசித்ததில், ரெசிஸ்ட் ஒன்றையே பிடித்துக்கொண்டு பேசியதில் கேள்வியின் ஒரு வரியை விட்டுவிட்டோம். "முழுக்க ஃப்ரோஸன் ஆர்ப்." இதுவும் பாதிப் பிரச்சினை. ஹெல்லில் பல அரக்கர்களுக்கு ஏதாவது ஒரு வகைத் தாக்குதல் சுத்தமாக ஏறாது. குளிர் ஏறாத கூட்டம் எதிரே வந்தால் முழு ஆர்ப் ஸோர்ஸரஸ் வேடிக்கைதான் பார்க்க முடியும். கோல்ட் மாஸ்டரி என்ற ஸ்கில் எதிரியின் குளிர் ரெசிஸ்ட்டைக் குறைக்கும், ஆனால் குளிர் சுத்தமாக ஏறாத, இம்யூன் ஆனவனிடம் அது செல்லாது. ஸ்டாட்டிக் ஃபீல்ட் என்ற மின்னல் ஸ்கில்லை வைத்து ஒப்பேற்றலாம் என்றால், ஹெல்லில் அது எதிரியின் உயிரைப் பாதிக்குக் கீழே இறக்காது.

அதனால் இரண்டு தனிமம். ஆர்ப் இருபது, கூடவே ஃபயர்பால் இருபது அல்லது மீட்டியோர். 74-ஆம் லெவலில், இரண்டு கடினநிலையின் குவெஸ்ட் பரிசுகளையும் சேர்த்தால் 81 ஸ்கில் பாயிண்ட் கையில் இருக்கும், இரண்டுக்கும் காணும். ஆர்ப்புக்கு இது வசதி, ஏனென்றால் சினர்ஜி, அதாவது ஒரு ஸ்கில்லில் போட்ட பாயிண்ட் இன்னொன்றை வலுவாக்குவது, அதற்கு அவ்வளவாக உதவுவதில்லை, இருபது போட்டுவிட்டு அடுத்த ஸ்கில் மரத்துக்குப் போய்விடலாம். பிளிஸார்ட் அப்படி இல்லை, அது ஐஸ் போல்ட், ஐஸ் பிளாஸ்ட், கிளேசியல் ஸ்பைக் எல்லாவற்றிலும் பாயிண்ட் கேட்கும். 2003-இல் 1.10 பேட்ச் சினர்ஜியைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த நிலை, அதற்கு முன்பு பெரிய ஸ்கில்லுக்காகப் பாயிண்ட்டைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்துக்கொண்டு வெறும் கையோடு திரிவோம்.

பாயிண்ட்டை மாற்றிப் போட முதல் ஆக்ட்டின் ஊரில் இருக்கும் ஆகாராவிடம் போங்கள். டென் ஆஃப் ஈவில் குவெஸ்ட்டை முடித்தால் ஒவ்வொரு கடினநிலைக்கும் ஒரு ரீசெட் தருவாள். இது 2010-இல் வந்தது. அதுவரை பில்ட் (பாயிண்ட்டைப் பிரித்துப் போட்ட விதம்) தப்பினால் புதுக் கேரக்டர்தான், பத்து வருடம் அப்படித்தான் ஆடினோம்.

ஜனவரி 8, இன்னும் ஒரு வரி

சண்டர் சார்ம் என்ற பொருள் இருக்கிறதே என்று யாரும் எழுத வேண்டாம், தெரியும். 2022-இல் 2.5 பேட்சில் வந்தது, இம்யூனிட்டியை உடைக்கும், பதிலுக்கு உங்கள் ரெசிஸ்ட்டையே குறைக்கும். இப்போதுதான் ரெசிஸ்ட் இல்லாமல் செத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு அதைக் கொடுப்பது நல்ல காரியமா?

ஜனவரி 10

மெர்சனரி, அதாவது கூடவே வந்து சண்டை போடும் கூலி ஆள், பற்றி யாருமே பேசவில்லை. கேள்வி கேட்டவரிடம் கேட்டதில், முதல் ஆக்ட்டில் இலவசமாகக் கிடைத்த வில்காரியோடுதான் ஹெல் வரை வந்திருக்கிறாராம், அவள் மேலே நார்மலில் போட்ட தொப்பி இன்னும் இருக்கிறதாம்! அந்தப் பெண்ணின் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

ஸோர்ஸரஸுக்கு வேண்டியது முன்னால் நின்று அடி வாங்கிக்கொள்ளும் ஆள். நைட்மேரில் ஆக்ட் 2-இன் ஊரான லுட் கொலேனுக்குப் போய், ஹோலி ஃப்ரீஸ் ஆரா உள்ள ஈட்டிக்காரனை எடுங்கள். சுற்றியுள்ள எல்லாம் மந்தமாக நகரும், ஆர்ப்பை எறிந்துவிட்டு நகர உங்களுக்கு நேரம் கிடைக்கும். அவன் கையில் இன்சைட் என்ற ரூன்வேர்ட்: நான்கு சாக்கெட் போல்ஆர்மில் (நீளக் கம்பு ஆயுதத்தில்) ரால், டிர், டால், சோல். இதில் வரும் மெடிடேஷன் ஆரா உங்கள் மேனாவை (மந்திர சக்தியை) நிரப்பிக்கொண்டே இருக்கும், நீலப் போஷன் குடிப்பதையே மறந்துவிடுவீர்கள். நான்கு ரூனும் மலிவு. இந்த ஒரு ஆயுதம் இல்லாமல் ஸோர்ஸரஸை ஹெல்லுக்கு அனுப்புவதை நான் நிறுத்தியாயிற்று.

அவன் சாவான். திரும்ப எழுப்பக் காசு, லெவல் ஏற ஏற 50,000 வரை போகும். தங்கம் பொறுக்கிக்கொண்டே போங்கள்.

ஜனவரி 13

இழை திசைமாறி மேஜிக் ஃபைண்டுக்கு, அதாவது நல்ல பொருள் விழும் வாய்ப்பை ஏற்றும் சதவீதத்துக்கு, வந்துவிட்டது, சரி, பேசிவிடுவோம். 500 மேஜிக் ஃபைண்ட் சேர்த்தால் யூனிக் (அபூர்வப் பொருள்) ஆறு மடங்கு விழும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். விழாது. நீல எழுத்துப் பொருளுக்கு அது முழுசாகச் செல்லும். யூனிக்குக்குக் கழிவு உண்டு: உங்கள் எண்ணை 250-ஆல் பெருக்கி, அதே எண்ணோடு 250-ஐக் கூட்டி வருவதால் வகுக்க வேண்டும். 100 இருந்தால் 71-ஆகத்தான் வேலை செய்யும். 250 இருந்தால் 125. 500 இருந்தால் 166. அதாவது 250-ஐ 500 ஆக்க நீங்கள் ரெசிஸ்ட்டையும் உயிரையும் கழற்றி வைத்துப் படும் பாட்டுக்குக் கிடைப்பது 41. அந்த 41-க்காக மெஃபிஸ்டோவைக் கொல்ல இரண்டு மடங்கு நேரம் ஆகிறது என்றால் நஷ்டம்தான். ரூனுக்கு மேஜிக் ஃபைண்ட் அறவே கிடையாது, அதைப் பல வருடம் ஆடியவர்களும் நம்ப மறுக்கிறார்கள்.

இது தெரிந்தும் நான் 300-க்கு மேல் சேர்த்துக்கொண்டு ஓடியிருக்கிறேன் என்பது வேறு கதை. எண் பெரிதாக இருந்தால் மனதுக்கு ஒரு திருப்தி.

ஜனவரி 14

காஸ்ட் வேகம் பற்றி: அது நேர்கோட்டில் ஏறுவதில்லை, படிக்கட்டு. ஸோர்ஸரஸுக்கு 9, 20, 37, 63, 105, 200. விளையாட்டு உள்ளே நொடிக்கு 25 ஃப்ரேம் கணக்கில் ஓடுகிறது, ஒரு படி ஏறினால் ஒரு ஃப்ரேம் குறையும். 63 வைத்திருப்பவரும் 104 வைத்திருப்பவரும் ஒரே வேகத்தில்தான் வீசுகிறார்கள். அதனால் 6-ஆம் தேதி குறிப்பில் வேகத்தை நான் தள்ளிவைத்ததைக் கொஞ்சம் திருத்திப் படியுங்கள்: 63 வந்ததும் நிறுத்திவிட்டு மிச்ச இடத்தை எல்லாம் ரெசிஸ்ட்டுக்குக் கொடுங்கள், 105 பிறகு பார்க்கலாம்.

ஜனவரி 18

ரூன் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு.

பிளாக் மார்ஷில் இருக்கும் கோபுரத்தின் அடியில், ஐந்தாம் தளத்தில் கவுண்டஸ். ரூன் தருவதுதான் அவள் வேலை. நார்மலில் ரால் வரை, நைட்மேரில் ஐயோ என்ற ரூன் வரை. இன்சைட்டுக்கு வேண்டிய ரால், டிர், டால் மூன்றும் நார்மல் கவுண்டஸிடமே வந்துவிடும், சோலுக்கு நைட்மேர். மூன்று ரால் இருந்து ஒரு ஓர்ட் இல்லை என்றால் கியூப் என்ற மந்திரப் பெட்டியில் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள், ஓர்ட் வரைக்கும் மூன்று சேர்த்தால் அடுத்தது வந்துவிடும், அதற்கு மேலே போனால் ஒரு ரத்தினமும் சேர்க்கச் சொல்லும்.

பெரிய ரூன் வேண்டும் என்றால் ஆக்ட் 3-இன் லோயர் குராஸ்ட். ஆஃப்லைனில் ஆடுகிறவருக்கு இங்கே பெரிய சௌகரியம்: கடினநிலையை மாற்றாதவரை உங்கள் வரைபடம் மாறாது. நெருப்பு மூட்டி இருக்கும் குடிசைக் கூட்டம் வேபாயிண்ட்டுக்கு (இடம் விட்டு இடம் தாவ உதவும் மேடைக்கு) பக்கத்தில் விழுந்துவிட்டால் யோகம்தான், அங்கே இருக்கும் பெட்டியைத் திற, வெளியே போ, மறுபடி வா. பெர் வரையிலான ரூன் எல்லாம் அந்தப் பெட்டியிலிருந்து வரக்கூடியவை, ஜா மட்டும் அங்கே வராது. ஜா-இத்-பெர் என்றால் எனிக்மா என்ற கவசம், எந்தக் கேரக்டரும் டெலிபோர்ட் செய்யலாம். வரக்கூடியவை என்றேன், வரும் என்று சொல்லவில்லை. எனக்கு அங்கே வந்த பெரிய ரூன் எல்லாம் நான் தேடாத ரூன்.

இதை விளையாட்டு என்று சொல்வதா, பெட்டி திறக்கும் உத்தியோகம் என்று சொல்வதா தெரியவில்லை. யூனிக் வேண்டும் என்றால் அதற்குப் பதில் ஏன்ஷியன்ட் டன்னல்ஸ் போங்கள், ஆக்ட் 2, லாஸ்ட் சிட்டிக்குக் கீழே. 85-ஆம் லெவல் பகுதி, அங்கேயே பிறந்த அரக்கர் யாருக்கும் குளிர் இம்யூனிட்டி கிடையாது. ஆர்ப்காரருக்கு அளவெடுத்துத் தைத்த இடம்.

ஜனவரி 22

"இத்தனை எண்ணைத் தெரிந்துகொண்டு ஆடினால் அதில் என்ன சுவை" என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். நியாயமான கோபம். நானும் பாதி அவர் பக்கம்.

ஆக்ட் 2-இன் கடைசி அரக்கன் டூரியலை முதன்முதலில் சந்தித்தபோது எனக்கு ஒரு எண்ணும் தெரியாது. ஏழு கல்லறையில் எது உண்மையானது என்று குவெஸ்ட் பக்கத்திலேயே குறி காட்டும் என்பது தெரியாமல் ஒவ்வொன்றாகப் புகுந்து, கடைசியில் கோலை வைத்துச் சுவர் உடைந்து, உள்ளே போனால் திரும்பக்கூட இடம் இல்லாத அறை, அந்தப் புழு ஒரே பாய்ச்சலில் மேலே. அந்த அதிர்ச்சி இப்போது வராது. தாயிங் போஷன் குடித்துக் குளிர் ரெசிஸ்ட்டை ஏற்றிக்கொண்டு, டவுன் போர்ட்டலை வெளியே திறந்து வைத்துவிட்டுத்தான் போகிறேன். பாதுகாப்பாக இருக்கிறது, சலிப்பாகவும் இருக்கிறது.

ஆனால் இந்தக் கோபத்தை ஹெல்லுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நார்மல் கண்ணை மூடிக்கொண்டு ஆடினாலும் மன்னிக்கும். ஹெல் மன்னிக்காது, ஏன் செத்தீர்கள் என்றும் சொல்லாது. காஸ்ட் வேகத்தின் படிகளோ மேஜிக் ஃபைண்டின் கழிவோ விளையாட்டுக்குள் எந்தத் திரையிலும் எழுதி இல்லை. ஆடிக்கொண்டே கண்டுபிடிக்க வழி இல்லாத ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்வதால் கண்டுபிடிக்கும் சுவை எப்படிக் கெடும்? வரைபடம், பொருள், தலைவர்களின் சக்தி எல்லாம் ஒவ்வொரு தடவையும் குலுக்கிப் போடப்படுகிறது. அதில் மிச்சம் இருக்கிறது ஆச்சரியம்.

முதல் டயாப்லோவை முறை வைத்து ஆடும் விளையாட்டாகத்தான் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டேவிட் பிரெவிக் திட்டமிட்டிருந்தார், பிறகுதான் நிகழ்நேரமாக மாறியது. அந்தப் பூர்வீகம் இன்னும் போகவில்லை என்று எனக்குத் தோன்றும். மேலே கிளிக் கிளிக் என்று அடிதடி, அடியில் பகடை உருளுகிறது. பாத் ஆஃப் எக்ஸைல் என்ற இன்னொரு விளையாட்டு அந்தப் பகடையை மேலே எடுத்து, ஆயிரத்துக்கு மேல் முடிச்சுகள் உள்ள ஒரு மரமாக விரித்து முகத்துக்கு எதிரே வைத்துவிட்டது. அது நேர்மை. ஆனால் அதைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றுகிறது.

ஜனவரி 23

ஹார்ட்கோர் (ஒரு தடவை செத்தால் கேரக்டரே போய்விடும் முறை) ஆடுவதில்லையா என்று கேட்டவருக்கு: ஆடினேன். பாலடின், வேர்ல்ட்ஸ்டோன் கீப் இரண்டாம் தளம். படியிறங்கி நின்ற இடத்தில் திரைக்கு வெளியேயிருந்து மின்னல், பர்னிங் ஸோல் கூட்டம், எஸ்கேப் விசைக்குப் போன கை பாதியிலேயே நின்றது. மின்னல் ரெசிஸ்ட் 75 இருந்தும். ரெசிஸ்ட் போட்டால் சாகவே மாட்டீர்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். நூற்றுக்கு 25 உள்ளே வரத்தான் செய்யும், அதை ஒரே நேரத்தில் ஏழெட்டு பேர் அனுப்பினால் கூட்டிக்கொள்ளுங்கள்.

சாஃப்ட்கோரில், அதாவது சாதாரண முறையில், செத்தால் ஹெல்லில் அந்த லெவலின் 10 சதவீத அனுபவம் போகும், பிணத்தைத் தொட்டால் அதில் முக்கால்வாசி திரும்ப வரும். ஆகவே பயப்படாமல் போய்த் தொடுங்கள். அதே இடத்தில் மறுபடி செத்தால் என்னைத் திட்டாதீர்கள்.

பிப்ரவரி 4

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஆன்யாவின் நைட்மேர் ஸ்க்ரோல் ஸ்டாஷிலேயே இருந்ததாம்! ஏன்ஷியன்ட்ஸ் பிளெட்ஜ் போட்டு, ஆர்ப்-ஃபயர்பால் ஆக்கி, ஈட்டிக்காரனுக்கு இன்சைட் கொடுத்து, இப்போது ஹெல் ஆக்ட் 5. லெவல் 79. நெருப்பு ரெசிஸ்ட் மட்டும் 40-இலேயே நிற்கிறதாம், சமாளிக்கிறாராம். மாட்டு லெவலுக்குப் போனாரா என்று கேட்டதற்கு, அதைத் திறக்கத் தேவையான விர்ட்டின் மரக்காலை வியாபாரியிடம் விற்றுவிட்டாராம். சரி, ட்ரிஸ்ட்ராமில் இன்னொன்று கிடைக்கும்.

அவருடைய புதுக் கேள்வி: ஆக்ட் 5-இல் வரும் நிஹ்லதாக்கை எப்படிக் கொல்வது, ஒவ்வொரு முறையும் ஒரே அடியில் சாகிறேன், எந்த ரெசிஸ்ட்டை ஏற்ற வேண்டும்?

அது கார்ப்ஸ் எக்ஸ்ப்ளோஷன். உங்களைச் சுற்றி விழுந்து கிடக்கும் பிணங்களை அவன் தூரத்திலிருந்து வெடிக்க வைக்கிறான், அதில் பாதி உடலடி, ரெசிஸ்ட் அந்தப் பாதியைத் தொடாது. கூட்டத்தைக் கொன்ற இடத்தில் நிற்காதீர்கள். அவனுடைய ஆட்களை உங்கள் பக்கம் இழுத்து வந்து, அவன் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் கொல்லுங்கள், பிறகு பிணமில்லாத வேறு பக்கத்திலிருந்து உள்ளே போங்கள். ஆர்ப் குளிரில் செத்தவை சில சமயம் உடைந்து சிதறும், பிணம் மிஞ்சாது, அது உங்களுக்குச் சாதகம்.

இன்னொரு வழியும் இருக்கிறது: கொல்லாமலே விடுவது. பேலுக்கு முன் வழிமறிக்கும் ஏன்ஷியன்ட்ஸிடம் போக அவன் சாக வேண்டிய அவசியம் இல்லை. அவனிடம் விழும் சாவி உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம். குவெஸ்ட்டுக்குப் பரிசு, ஆன்யா ஒரு பொருளில் உங்கள் பெயரைப் பொறித்துத் தருவாள். அந்த ஏன்ஷியன்ட்ஸ் பிளெட்ஜில் பெயர் போட்டே ஆக வேண்டும் என்றால் போங்கள்.